லண்டனில் ரக்பி லீக் வளர்க்க: தொழில்முறை அணியா, வட்டாரக் கிளப்பா, பள்ளிக்கூடமா, வெம்பிளி ஆட்டமா?

ஹல்லிலிருந்து லிவர்பூல் வரை எம்62 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உள்ள ஊர்கள்தான் இங்கிலாந்தில் ரக்பி லீக்கின் சொந்த மண். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தர வேண்டும் என்ற தகராறில், 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. அவற்றில் லண்டன் கிளப் ஒன்றுகூட இல்லை. 1933 முதல் தலைநகரில் இந்த ஆட்டத்தை ஊன்றப் பலர் முயன்றிருக்கிறார்கள். இன்னும் அது சரியாக வேர்பிடிக்கவில்லை.

இதில் இறங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கையில் கொஞ்சம் பணம், உழைக்கப் பத்துப் பேர், ஐந்தாண்டு பொறுமை இருக்கிறது. இதை எதில் போடுவது? வழிகள் நான்கு: உயர்மட்டத் தொழில்முறை அணி, வட்டார அமெச்சூர் கிளப், பள்ளிக்கூடம், வெம்பிளி போன்ற அரங்கில் பெரிய ஆட்டம்.

இலங்கைப் பள்ளிகளில் ஆடுவது யூனியன். அதில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். லைன்-அவுட் (பக்கக்கோட்டிலிருந்து பந்தை வரிசைக்குள் எறிவது) கிடையாது, ஸ்க்ரம்மில் (இரு அணியும் தோள்கோத்துத் தள்ளுவது) பலப்பரீட்சை ஏறக்குறைய இல்லை, ஆறு டேக்கிளில் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போடாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க யூனியனைவிட எளிது. லண்டனில் இந்த ஆட்டத்துக்கு உள்ள பெரிய சாதகம் இதுதான். கீழே பல இடங்களில் இது கணக்கில் வரும்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து அளவுகோல் போதும்.

1. பத்தாண்டு கழித்து, பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?
2. அதே மைதானம் பத்தாண்டுக்குக் கையில் இருக்குமா?
3. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எதிரணி உண்டா?
4. முதலாளியோ ஆசிரியரோ செயலாளரோ விலகினால் வேலை நிற்குமா, தொடருமா?
5. கண்ணுக்குத் தெரியும் செலவுக்குப் பின்னால் தெரியாத செலவு எவ்வளவு?

பார்வையாளர் எண்ணிக்கையை இதில் சேர்க்கவில்லை. பெரிய நகரத்தில் முதல் நாள் கூட்டம் எப்போதும் வரும். 1980 செப்டம்பர் 14 அன்று ஃபுல்ஹாம் அணி கிரேவன் காட்டேஜ் அரங்கில் வடக்கின் விகன் அணியை 24–5 என வென்ற முதல் ஆட்டத்துக்கு 9,554 பேர் வந்தார்கள். 1996 மார்ச்சில் பாரிஸ் சான் ஜெர்மன் ரக்பி லீக் அணியின் முதல் சூப்பர் லீக் (உயர்மட்டத் தொடர்) ஆட்டத்துக்கு 17,873 பேர். ஃபுல்ஹாம் நான்கே ஆண்டில் அந்த அரங்கை விட்டு வெளியேறியது. பாரிஸ் அணி 1997 பருவத்தோடு மறைந்தே போனது.

## தொழில்முறை அணி

பணம் உள்ளவருக்கு முதலில் தோன்றும் வழி இது. வேகமாக நடக்கும்: வடக்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்களை எடுத்தால் ஆறு மாதத்தில் அணி தயார். செய்தித்தாளில் பெயர் வரும், தொலைக்காட்சியில் முகம் தெரியும். திறமையுள்ள பையனுக்கு ஊரைவிட்டுப் போகாமல் ஏற ஒரு படி இருக்கும். இந்தக் கடைசிப் பயன் உண்மையானது. வேறு எந்த வழியும் அதைத் தராது.

லண்டனில் இது திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்த இடம் மைதானம். 1933இல் விகன் ஹைஃபீல்டு அணி ஒயிட் சிட்டிக்குக் குடிபெயர்ந்து, மின்விளக்கில் ஆடி, ஒரே பருவத்தில் திரும்பியது. 1935இல் ஆக்டன் அண்ட் வில்ஸ்டன், ஸ்ட்ரெத்தம் அண்ட் மிச்சம் என இரண்டு அணிகள் எழுந்தன. 1937க்குள் இரண்டும் போயின. இந்த அணிகளுக்குப் பின்னால் இருந்தது நாய்ப்பந்தய அரங்குகளின் வியாபாரக் கணக்கு. 1980இல் ஃபுல்ஹாமைத் தொடங்கியதும் கால்பந்துக் கிளப்பின் தலைவர் எர்னி கிளே. காலியாகக் கிடக்கும் நாட்களில் அரங்கு வருமானம் தரட்டும் என்பது அவர் எண்ணம். அரங்கின் உரிமையாளருடைய கணக்கு மாறும்போது ரக்பி வெளியே போகிறது.

அந்த ஃபுல்ஹாம்தான் இன்றைய லண்டன் பிராங்கோஸ். அது குடியிருந்த இடங்களை வரிசையாகப் படித்தாலே நோய் புரியும்: கிரேவன் காட்டேஜ், கிரிஸ்டல் பேலஸ், சிஸ்விக், பார்னெட்டின் காப்தால், சார்ல்டனின் வேலி, ட்விக்கன்ஹாமின் ஸ்டூப், பிரென்ட்ஃபோர்டின் கிரிஃபின் பார்க், ஈலிங், 2022 முதல் விம்பிள்டனின் ப்ளவ் லேன். சில இடங்களுக்கு இரண்டாம் முறையும் போனார்கள். பெயரும் ஃபுல்ஹாம், க்ரூசேடர்ஸ், பிராங்கோஸ், ஹார்லிக்வின்ஸ், மறுபடி பிராங்கோஸ் என மாறியது. வேலி தென்கிழக்கு மூலையில், ஸ்டூப் தென்மேற்கு மூலையில். சார்ல்டனில் பிள்ளையோடு ஆட்டம் பார்க்கப் பழகிய குடும்பம் ட்விக்கன்ஹாம் போய்வர அரை நாள் ஆகும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ரசிகரோடு அந்த வட்டாரப் பள்ளித் தொடர்புகள், தன்னார்வலர்கள், சிறுவர் அணி எல்லாம் அறுந்துபோகின்றன. இந்த இழப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

களத்தில் அவர்கள் மோசமாக ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997இல் சூப்பர் லீக்கில் இரண்டாமிடம், 1999இல் சேலஞ்ச் கோப்பை (தோற்றால் வெளியேறும் கோப்பைத் தொடர்) இறுதி ஆட்டம். 2019இல் 10 ஆட்டங்களை வென்றும் புள்ளி வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள். 2023இல் துலூஸை 18–14 என வென்று மறுபடி மேலே வந்தார்கள். ஆனால் அப்போது ஐஎம்ஜி நிறுவனத்தின் ஆலோசனைப்படி கிளப் தரவரிசை முறை வரவிருந்தது. ரசிகர் பெருக்கம், நிதி, அரங்கு, ஆட்டத் திறன், வட்டார மக்கள்தொகை எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 புள்ளி. அந்தத் தற்காலிகப் பட்டியலில் பிராங்கோஸுக்கு 24ஆம் இடம். 2024 பருவத்தின் முதல் பந்தை உதைப்பதற்கு முன்பே, ஆண்டு முடிவில் கீழே போவது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. இன்று தொழில்முறை அணிக்குப் பணம் போடுபவர் முதலில் படிக்க வேண்டியது இந்தப் புள்ளிமுறையை. சொந்தப் பிடியில் அரங்கு இல்லாத கிளப்புக்கு அதில் ஏறுவது கடினம்.

மறைந்த செலவுகளும் உண்டு. சூப்பர் லீக்கின் சம்பள உச்சவரம்பு பல ஆண்டுகளாகச் சுமார் 21 லட்சம் பவுண்டு. அதே சம்பளத்தில் விகனில் வீடு வாங்கும் ஆட்டக்காரர் லண்டனில் வாடகைக்கே திணறுவார். ஆகவே வீட்டு வாடகை கிளப்பின் தலையில் விழும். வெளியூர் ஆட்டம் என்றாலே சுமார் 300 கிலோமீட்டர், பெரும்பாலும் இரவுத் தங்கல். லீட்ஸ் அணி பக்கத்து ஊருக்குப் பேருந்தில் போய் இரவே வீடு திரும்புகிறது. கனடாவின் டொராண்டோ வுல்ஃப்பேக் அணி இதன் உச்சம். 2017இல் மூன்றாம் நிலையில் சேர்ந்து 2020இல் சூப்பர் லீக்குக்கு வந்த அந்த அணி, மையத் தொலைக்காட்சிப் பங்கும் இல்லாமல், விருந்தணிகளின் பயணச் செலவையும் ஏற்றுக்கொண்டு ஆடியது. பெருந்தொற்று வந்த ஆண்டின் ஜூலையில் பருவத்திலிருந்து விலகியது. சொந்த ஊரின் லாம்போர்ட் அரங்கு நிறைந்த நாட்கள் அதைக் காப்பாற்றவில்லை.

வென்ற உதாரணம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி. 1998இல் தொடங்கி 1999இலேயே கோப்பை. ஆனால் பின்னால் 2013 வரை நியூஸ் என்ற ஊடக நிறுவனத்தின் பணம் இருந்தது. மூடப்பட்ட அணிகளின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் கிடைத்தார்கள். ஒலிம்பிக் பார்க்கும், 2010 முதல் ஆடும் ஏஏஎம்ஐ பார்க்கும் ஒரே வட்டாரத்தில் இருந்தன. அத்தனை இருந்தும், விக்டோரியாவில் பிறந்து வளர்ந்த முதல் ஆட்டக்காரர் மாஹே ஃபோனுவா அந்த அணிக்கு ஆடியது 2012இல்தான். பதினான்கு ஆண்டு. நட்டத்தைப் பதினான்கு ஆண்டு தாங்கும் முதலாளி இருக்கிறாரா என்பதே உங்கள் கேள்வி.

இது சரியான தேர்வாகும் நிலை: பதினைந்தாண்டுக் குத்தகையோ சொந்த அரங்கோ கையெழுத்தாகிவிட்டது, ஒரே ஆளை நம்பாத நிதி இருக்கிறது, சுற்றிலும் சிறுவர் அணிகள் ஏற்கெனவே ஆடுகின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

## வட்டார அமெச்சூர் கிளப்

மெதுவான வழி. ஆனால் லண்டனில் இதற்கு ஒரு வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது: தெற்கில் அமெச்சூர் லீக் கோடையில் ஆடப்படுகிறது. யூனியன் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அதாவது கோல்கம்பம் நட்ட மைதானம், உடை மாற்றும் அறை, மதுக்கூடம் எல்லாம் இருக்கும் யூனியன் கிளப் நான்கு மாதம் சும்மா கிடக்கும். ரக்பி தெரிந்த ஆட்களும் ஓய்வில் இருப்பார்கள். யூனியன் மைதானத்தில் லீக் ஆடலாம்: நீளம் அதே 100 மீட்டர், குறுக்குக்கம்பி அதே 3 மீட்டர் உயரம். பத்து மீட்டருக்கு ஒரு கோடு வேறு நிறத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் மே மாதத்தில் வரும். பருவம் முடிந்ததும் மைதானப் பராமரிப்பாளர் மண்ணைக் குத்தி, மணல் தூவி, விதை போடுவார். புல் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. இதைப் பேசாமல் ஏப்ரலில் கைகுலுக்கியவர்கள் மே முதல் வாரத்தில் மைதானம் இல்லாமல் நிற்பார்கள். முதல் மைதானத்துக்கு மே, ஜூனில் விதைப்பு. இரண்டாம் மைதானம் உங்களுக்கு. ஜூலையில் மாற்றிக்கொள்வது என்று எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சிப் பூங்காவை நம்பினால் கோடையில் கிரிக்கெட் பிட்ச் நடுவில் வந்துவிடும். செயற்கைப் புல் என்றால், ரக்பி டேக்கிளுக்கான அதிர்ச்சித் தாங்குதிறன் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கால்பந்துக்கு மட்டும் போட்ட தரையில் அடியில் மெத்தை அடுக்கு இல்லாமலே இருக்கலாம்.

வாடகையில் பேரம் பேச இடம் உண்டு. கோடையில் அவர்களின் மதுக்கூடத்துக்கு ஆள் வராது; உங்கள் ஆட்ட நாளில் வரும். கூடத்து வருமானம் முழுவதும் அவர்களுக்கு, வாடகை குறைவு என்பதுதான் நடைமுறை. ஆனால் அமெச்சூர் கிளப்பை வாழவைப்பதே அந்தக் கூடத்துப் பணம். அதை விட்டுக்கொடுத்தால் உறுப்பினர் சந்தாவும் ஆதரவாளர் பணமும் மட்டுமே மிஞ்சும். தெரியாத செலவு இதுதான்.

அடுத்தது ஆள் கணக்கு. ஆட்ட நாளில் 13 பேரும் மாற்று நால்வரும், ஆக 17. பெரியவர் அணிக்குப் பதிவில் முப்பது பேராவது இல்லாவிட்டால் ஆகஸ்டில் அணி இறங்காது. பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், யூனியன் ஆட்கள் தங்கள் கிளப்பின் முன்பயிற்சிக்குத் திரும்பிவிடுவார்கள். இதற்கு ஆகஸ்டில் ஒன்பது பேர் ஆட்டம் நல்ல மருந்து. தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால், பிரிட்டனின் 2023 வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்க முடியாது. மூன்று வார ஆட்டம் போச்சு. சின்ன அணியில் இந்த ஓர் இடம் காலியானாலே வரிசை ஆட்டம் காணும்.

லண்டனில் பெரியவர் அணியை விரைவில் நிரப்பும் வழி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இளைஞர்கள். ஹாமர்ஸ்மித் ஹில்ஸ் ஹாய்ஸ்ட்ஸ் என்ற கிளப் பெயரிலேயே ஆஸ்திரேலியத் துணிக்கொடி இருக்கிறது. நன்றாக ஆடுவார்கள், ஆட்டத்தைச் சொல்லியும் கொடுப்பார்கள். ஆனால் இளைஞர் விசா இரண்டு அல்லது மூன்று ஆண்டுதான். அவர்களை மட்டும் வைத்துக் கட்டிய அணி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அவர்களைப் பெரியவர் அணியில் ஆடவையுங்கள். ஆளுக்கு ஒரு சிறுவர் அணியைப் பயிற்றுவிக்கக் கேளுங்கள்.

சிறுவர் அணிகள்தான் இந்த வழியின் உயிர். லூயி மெக்கார்த்தி-ஸ்கார்ஸ்ப்ரூக் தொடங்கியது கிரீனிச் அட்மிரல்ஸ் என்ற வட்டாரக் கிளப்பில். பிறகு பிராங்கோஸ் கிளப் வழியாகச் செயின்ட் ஹெலன்ஸில் பல பட்டங்கள் வென்றார். லண்டனில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. வயதுவாரியாக ஆறு பிரிவுகளை ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. அடுத்தடுத்த இரண்டு பிரிவு, உதாரணமாக 11க்குக் கீழ், 12க்குக் கீழ், போதும். 13 பேர் ஆட்டம் ஆடும் வயது வரும்போது பிரிவுக்கு 18 முதல் 20 பேர் பதிவில் இருக்க வேண்டும்.

அதோடு, தனியாகத் தொடங்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் நான்கு கிளப்புகள் அதே இரண்டு பிரிவுகளை அதே ஆண்டு தொடங்கினால், ஒவ்வொரு அணிக்கும் இருமுறைச் சந்திப்பில் ஆறு ஆட்டம் கிடைக்கும். நான்கும் ஒரே மைதானத்தில் கூடினால் ஒரு நாளில் நான்கு ஆட்டம், இரண்டு நடுவர் போதும். லண்டனில் நடுவர் கிடைப்பது கடினம் என்பதால் இந்தக் கூட்டு நாள் முறையே பல பருவங்களைக் காப்பாற்றும். 16 வயதினருக்கு மே நடுவிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை தேர்வு. அவர்களின் ஆட்டங்களை ஏப்ரலிலும் ஜூன் கடைசியிலிருந்தும் வையுங்கள்.

மேலே ஏறும் ஆசையில் அவசரப்படவும் வேண்டாம். லண்டன் ஸ்காலர்ஸ் 2003இல் வட்டாரத்திலிருந்து அரைத்தொழில்முறைக்கு உயர்ந்தது. வுட் கிரீனின் நியூ ரிவர் அரங்கில் நிலையாக இருந்ததால் இருபது ஆண்டு தாக்குப்பிடித்தது. வார்க்கிங்டன் போன்ற ஊருக்கு 500 கிலோமீட்டர் பயணம் செய்து ஆடும் வாழ்க்கையை 2023 பருவத்தோடு முடித்துக்கொண்டு மீண்டும் அமெச்சூர் நிலைக்குத் திரும்பியது. கிளப் மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது சரியான தேர்வாகும் நிலை: பணம் குறைவு, ஆட்கள் உண்டு, கோடையில் இடம் தரும் யூனியன் கிளப் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

## பள்ளிக்கூடம்

மலிவாக, மிக அதிகக் குழந்தைகளைத் தொடும் வழி. இடுப்பு வாரில் ஒட்டிய பட்டையை இழுக்கும் டேக் ஆட்டத்துக்குப் பந்து, பட்டை, பாதி மைதானம் போதும். உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு நாள் பயிற்சியில் நடத்தக் கற்றுக்கொள்வார். பெண் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடுவார்கள்.

உடைவது இரண்டு இடத்தில். ஆர்வமுள்ள ஆசிரியர் வேலை மாறினால் அந்தப் பள்ளியில் லீக் அன்றோடு முடிந்தது. ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியருக்காவது பயிற்சி கொடுங்கள். இரண்டாவது, டேக்கிலிருந்து டேக்கிளுக்கு மாறும் வயது. பள்ளியில் ஆறு வாரம் ஆடி ஆசை வந்த பையனுக்கு, பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் கிளப் இல்லை என்றால், அவன் யூனியனுக்கோ கால்பந்துக்கோ போவான். ஆகவே கிளப் இல்லாத வட்டாரப் பள்ளிக்குள் நுழையாதீர்கள். பயிற்சி நடத்துபவரே அந்தக் கிளப்பின் பயிற்சியாளராக இருந்தால், ஆறாவது வாரத்தில் பிள்ளைகள் தெரிந்த முகத்தைத் தேடி வருவார்கள். துண்டறிக்கை மட்டும் கொடுத்து அனுப்பினால் வரமாட்டார்கள்.

இது சரியான தேர்வாகும் நிலை: கிளப் ஏற்கெனவே இருக்கிறது, சிறுவர் எண்ணிக்கை போதவில்லை.

## வெம்பிளியில் பெரிய ஆட்டம்

1929 முதல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தின் வீடு பெரும்பாலும் வெம்பிளிதான். 1992 உலகக் கோப்பை இறுதிக்கு 73,631 பேர். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வந்தவர்கள் வடக்கிலிருந்து பேருந்தில் வந்து, இரவே திரும்பினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு இப்படி நடந்தும் வெம்பிளியைச் சுற்றியுள்ள பிரென்ட் பகுதி ரக்பி லீக் ஊராக மாறவில்லை. தனியாக வைத்தால் இந்த வழி வட்டாரத்தில் எதையும் ஊன்றாது.

இதில் உங்கள் பணத்தைப் போட வேண்டாம். யாரோ நடத்தும் ஆட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: உங்கள் 12 வயதினருக்கு நுழைவுச்சீட்டு, அடுத்த சனிக்கிழமையே திறந்த பயிற்சி. பத்து நாள் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

## ஒரே பார்வையில்

| | தொழில்முறை அணி | வட்டாரக் கிளப் | பள்ளிக்கூடம் | பெரிய ஆட்டம் |
|---|---|---|---|---|
| உள்ளூர் ஆட்டக்காரர் | பத்தாண்டுக்கு மேல் | ஐந்து முதல் பத்தாண்டு | கிளப் இருந்தால் மட்டும் | இல்லை |
| மைதானம் | பெரிய ஆபத்து | மே, ஜூனில் சிக்கல் | பள்ளியே தரும் | ஒரு நாள் |
| எதிரணி | சுமார் 300 கி.மீ. | ஒரு மணி நேரம் | பக்கத்துப் பள்ளி | பொருந்தாது |
| ஒருவர் விலகினால் | அணியே ஆட்டம் காணும் | செயலாளரைப் பொறுத்தது | ஆசிரியரோடு முடியும் | பொருந்தாது |
| மறைந்த செலவு | வாடகை வீடு, இரவுத் தங்கல், இடமாற்றம் | கூடத்து வருமான இழப்பு | தொடர்பு அறுதல் | தொடர்ச்சி இன்மை |

## எந்த வரிசையில்

எங்கள் தீர்ப்பு: வட்டாரக் கிளப் முதலில், பள்ளி இரண்டாவது, தொழில்முறை அணி மூன்றாவது. பள்ளியிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும், மூன்றாம் ஆண்டில் ஆள் மிஞ்ச மாட்டார்கள். தொழில்முறை அணி வேண்டாம் என்று சொல்லவில்லை. காய் பேர்ஸ்-பால் பிராங்கோஸின் இளையோர் அணியில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே விகன் போனார், பிறகு ஆஸ்திரேலியாவின் நியூகாசில். மேலே ஏறும் படி லண்டனில் உறுதியாக இல்லாதவரை இப்படிப்பட்டவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அந்தப் படியைத் தாங்க, ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் எட்டு, பத்து சிறுவர் கிளப்புகள் வேண்டும்.

அடுத்த கோடையில் தொடங்க நினைத்தால், அக்டோபரிலேயே யூனியன் கிளப் செயலாளரைப் பாருங்கள். அவர்களின் மைதான விதைப்புத் தேதி குளிர்காலத்தில்தான் முடிவாகும். நவம்பருக்குள் மற்ற மூன்று கிளப்புகளோடு வயதுப் பிரிவைப் பேசி முடியுங்கள். ஜனவரிக்குள் பயிற்சியாளர்களின் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர், முதலுதவியாளர், காப்பீட்டுடன் கூடிய பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும். பிப்ரவரியில் இரண்டு பள்ளி. மார்ச் கடைசியில் முதல் பயிற்சி.